லாஸ் வேகாஸில் ஜெயித்தது யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தேர்தல்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் தொடரை விடாமல் வாசிக்கிறேன். சென்ற பகுதியில் 2016 அதிபர் தேர்தலுக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த போட்டியைப் பற்றிச் சொல்லும்போது 'ஹிலாரி ஜெயித்த லாஸ் வேகாஸ் விவாதம்' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

அந்த விவாதம் நடந்தபோது நான் நியூ ஜெர்சியில் வேலை பார்த்தேன். எச்1பி விசா, ஓட்டு கிடையாது. ஆனாலும் ஹிலாரியை எதிர்த்துப் போட்டியிட்ட சாண்டர்ஸின் பேச்சு ஒன்றையும் விட்டதில்லை. என் மச்சான் அங்கே குடியுரிமை வாங்கியவர், ஹிலாரி ஆதரவாளர். இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்துதான் பார்த்தோம். முடிந்ததும் 'ஹிலாரி ஊதித் தள்ளிவிட்டார்' என்றார் அவர். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. இணையத்தில் நடந்த வாக்கெடுப்புகளில் எல்லாம் சாண்டர்ஸ்தான் முன்னால் இருந்தார். ஆனால் தொலைக்காட்சியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே குரலில் ஹிலாரி என்றார்கள். சிஎன்என் தன் ஃபேஸ்புக் வாக்கெடுப்பையே அழித்துவிட்டது என்று அன்று எல்லோரும் பகிர்ந்தோம். அதன் தாய் நிறுவனமான டைம் வார்னர் ஹிலாரிக்கு நன்கொடை கொடுத்த நிறுவனம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பிறகு ஏன் அவர்கள் சொன்னதையே நீங்களும் எழுதுகிறீர்கள்? நான் ஊர் திரும்பிப் பல வருடம் ஆகியும் மச்சானுக்கும் எனக்கும் இந்தச் சண்டை தீரவில்லை. நீங்களாவது நியாயம் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே., கோவை

அன்புள்ள கே.,

அந்த வரியை மாற்றப்போவதில்லை. எந்தக் கணக்கில் அப்படி எழுதினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2015 அக்டோபர் 13 இரவு சிஎன்என் நடத்திய விவாதம் அது. மேடையில் ஐந்து பேர்: ஹிலாரி கிளிண்டன், பெர்னி சாண்டர்ஸ், மார்ட்டின் ஓ'மாலி, ஜிம் வெப், லிங்கன் சாஃபி. கேள்வி கேட்டவர் ஆண்டர்சன் கூப்பர். ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அதன் பிறகு, கட்சியின் வாக்காளர்களிலிருந்து முறையாக மாதிரி எடுத்து நடத்திய கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஹிலாரி நன்றாகச் செய்தார் என்றார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சாண்டர்ஸ் என்றார்கள். என் வரிக்கு ஆதாரம் அதுதான். தொலைக்காட்சி விமர்சகர்கள் சொன்னதை வைத்து எழுதவில்லை.

நீங்கள் சொல்லும் இணைய வாக்கெடுப்பு வேறு வகை. யார் வந்து அழுத்தினாலும் எண்ணிக்கை ஏறும். ஓட்டே இல்லாத நீங்கள் நியூ ஜெர்சியிலிருந்து அழுத்தியிருக்கலாம், குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் டெக்ஸாஸிலிருந்து அழுத்தியிருக்கலாம். அலைபேசியில் ஒருமுறை, மடிக்கணினியில் ஒருமுறை என்றும் அழுத்தலாம். சாண்டர்ஸின் ஆட்கள் இளைஞர்கள், நாள் முழுக்க ரெட்டிட்டிலும் ஃபேஸ்புக்கிலும் இருந்தவர்கள். வாக்கெடுப்பின் சுட்டி கிடைத்த நிமிடமே நூறு பேருக்கு அனுப்பினார்கள். அந்த வேகம் உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தென் கரோலினாவின் கறுப்பினத் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் கூடுகிற வயதான பெண்கள் அந்தச் சுட்டிகளை அழுத்தவில்லை. 2016 பிப்ரவரி 27 அன்று அந்த மாநிலத்தில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்தலில் ஹிலாரிக்கு 73 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. அந்த வெற்றியின் பெரும்பகுதி அவர்களைப் போன்ற வாக்காளர்கள் தந்தது. இணையத்தின் முடிவைப் பார்த்து 'கட்சியே எங்கள் பக்கம்' என்று நினைத்தவர்களுக்கு அன்று விழுந்தது பெரிய அடி.

அப்புறம், சிஎன்என் அந்த வாக்கெடுப்பை அழிக்கவில்லை. அந்த நாட்களிலேயே அதைச் சரிபார்த்துச் சொன்னார்கள். சொன்னது பகிர்ந்தவர்களிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். டைம் வார்னர் விஷயமும் கேள்விப்பட்ட மாதிரி இல்லை. அமெரிக்கச் சட்டப்படி ஒரு நிறுவனம் தன் பணத்தை அதிபர் வேட்பாளரின் கணக்கில் நேராகப் போட முடியாது. நன்கொடைப் பட்டியலில் நிறுவனத்தின் பெயருக்கு எதிரே இருப்பது அங்கே வேலை செய்பவர்கள் தனித்தனியாகக் கொடுத்ததும், அந்த நிறுவனத்தின் பெயரிலுள்ள அரசியல் நிதிக்குழு கொடுத்ததும் சேர்ந்த கூட்டுத்தொகை.

சரி, அப்படியானால் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது பொய்யா? இல்லை. நீங்களும் உங்கள் மச்சானும் ஒரே சோபாவில் உட்கார்ந்து வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டிருந்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மச்சானின் கவலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அரசு வேலைக்குத் தன் சொந்த மின்னஞ்சலைப் பயன்படுத்தினார் என்ற விவகாரம் அந்தக் கோடை முழுக்க ஹிலாரியைத் துரத்தியது. அப்போதைய துணை அதிபர் ஜோ பைடன் களத்தில் இறங்குவாரா என்று தினமும் பேச்சு. ஹிலாரி அன்று தடுமாறாமல் நின்றாரா என்பதுதான் அவருக்கு முக்கியம். நின்றார். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 21 அன்று, பைடன் போட்டியிடவில்லை என்று அறிவித்தார். அந்தக் கணக்கில் மச்சான் சொன்னது சரி.

உங்கள் கவலை வேறு. எழுபத்துநான்கு வயதுக்காரர், செனட்டில் எந்தக் கட்சியும் சாராதவர் என்றே இருந்தவர், முதல்முறையாக அத்தனை பேருக்கு முன்னால் நின்று பேசுகிறார். 'நீங்கள் முதலாளித்துவவாதியா?' என்ற கேள்விக்கு மழுப்பாமல், சூதாட்ட முதலாளித்துவம் என்று ஒன்று இருக்கிறது, அதை நான் ஏற்கவில்லை என்கிறார். டென்மார்க்கைப் பாருங்கள் என்கிறார். விவாதம் முடிந்த சில மணி நேரத்திலேயே சிறு நன்கொடைகளாகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் அவருக்கு வந்து சேர்ந்தது. உங்கள் கணக்கில் இது வெற்றியில்லாமல் வேறென்ன?

இதை ஒரே ஒரு இடத்தில் கண்ணால் பார்க்கலாம். மின்னஞ்சல் பற்றிக் கூப்பர் கேட்கிறார், ஹிலாரி பதில் சொல்கிறார். அடுத்துப் பேசும் சாண்டர்ஸ், நான் சொல்லப்போவது நல்ல அரசியலாக இல்லாமல் போகலாம் என்று தொடங்கி, 'உங்கள் பாழாய்ப்போன மின்னஞ்சல்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அமெரிக்க மக்களுக்கு அலுத்துப்போய்விட்டது' என்று வெடிக்கிறார். ஹிலாரி முகம் முழுக்கச் சிரிப்பாகி, 'நன்றி, எனக்கும்தான், எனக்கும்தான்' என்கிறார். கை குலுக்குகிறார்கள், அரங்கமே எழுந்து ஆரவாரிக்கிறது. அந்தச் சில வினாடிகளை இரண்டு முகாமும் தங்கள் வெற்றியாகவே எழுதிக்கொண்டன. எதிராளியின் பலவீனத்தைப் பயன்படுத்தாத பெருந்தன்மை என்றார்கள் சாண்டர்ஸின் ஆட்கள். பெரிய சுமை ஒன்றைப் போட்டியாளரே இறக்கி வைத்துவிட்டார் என்றார்கள் ஹிலாரியின் ஆட்கள். இருவர் சொன்னதும் நடந்ததுதான்.

நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் நடுவர் ஒருவர் இருப்பார், அவர் தீர்ப்புச் சொன்னதும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். இந்த விவாதங்களில் நடுவர் கிடையாது. அந்த நாற்காலி காலியாக இருப்பதால்தான் விமர்சகர்கள் ஓடிவந்து உட்காருகிறார்கள். அவர்கள் வாய்க்கு இருக்கும் பலத்தைப் பற்றி நீங்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1976 அக்டோபர் 6 அன்று எதிர்க்கட்சி வேட்பாளர் கார்ட்டருடன் நடந்த விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று அதிபர் ஃபோர்டு சொல்லிவிட்டார். அன்றிரவே கேட்டபோது பார்த்தவர்களில் பலர் ஃபோர்டு நன்றாகச் செய்தார் என்றார்கள். மறுநாள் செய்திகள் முழுக்க அந்தப் பிழையைப் பற்றியே பேசிய பிறகு கேட்டபோது, கார்ட்டர்தான் ஜெயித்தார் என்று தலைகீழாகிவிட்டது. இடையில் யாரும் விவாதத்தை மறுபடி பார்க்கவில்லை. அது கட்சிகளுக்கு இடையிலான விவாதம், ஆனாலும் அன்று நடந்தது எந்த விவாதத்துக்கும் நடக்கும்.

கட்சிக்குள் நடக்கும் விவாதத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. பிரைமரி என்பது ஒரே கட்சிக்காரர்களின் போட்டி. பத்தில் எட்டு விஷயத்தில் இவர்கள் ஒத்துப்போகிறவர்கள். மிச்சமிருக்கும் இரண்டில் யார் யாரை நகர வைத்தார் என்று பார்க்க வேண்டும். லாஸ் வேகாஸில் அப்படி இரண்டு இடங்கள் இருந்தன.

ஒன்று துப்பாக்கி. துப்பாக்கித் தயாரிப்பாளர்கள்மீது வழக்குப் போடுவதைக் கட்டுப்படுத்தும் 2005 சட்டத்துக்கு ஆதரவாக சாண்டர்ஸ் வாக்களித்திருந்தார். கூப்பர் அதைத் தோண்டினார். அது பெரிய, சிக்கலான மசோதா என்றார் சாண்டர்ஸ். தன் மாநிலமான வெர்மான்ட் கிராமப்புற மாநிலம் என்றும் சொன்னார். ஹிலாரி விடவில்லை. நான் அப்போது செனட்டில் இருந்தேன், எனக்கு அதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை, நேரடியான விஷயம்தான் என்றார். அந்த இடத்தில் சாண்டர்ஸிடம் பதில் இல்லை. நீங்கள் அவருடைய ஆதரவாளர், இதை ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 2016 ஜனவரியில், சார்ல்ஸ்டன் நகரில் நடந்த இன்னொரு விவாதத்துக்கு முந்தைய நாள், அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறும் மசோதாவை ஆதரிப்பதாக சாண்டர்ஸ் அறிவித்தார்.

இன்னொன்று வர்த்தகம். பசிபிக் நாடுகளுடனான ஒப்பந்தத்தை வெளியுறவு அமைச்சராக இருந்தபோது ஹிலாரி தூக்கிப் பிடித்துப் பேசியவர். விவாதத்துக்கு ஆறு நாள் முன்பு, அக்டோபர் 7 அன்று, அதை எதிர்ப்பதாகச் சொன்னார். அந்த ஒப்பந்தத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிய சாண்டர்ஸுக்குக் கூடிய கூட்டம் இல்லாமல் அந்த மாற்றம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மேடையில் கூப்பர் கேட்டபோது, அது நல்ல ஒப்பந்தமாக வரும் என்று நம்பினேன், வரவில்லை என்று சமாளித்தார்.

துப்பாக்கியில் ஹிலாரி சாண்டர்ஸை நகர்த்தினார், வர்த்தகத்தில் சாண்டர்ஸ் ஹிலாரியை நகர்த்தினார். ஆனால் மறுநாள் காலை முழுக்க ஹிலாரியா சாண்டர்ஸா என்ற ஒரே பேச்சு. துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி இரண்டு ஆதரவாளர்கள் உட்கார்ந்து உருப்படியாகப் பேசிக்கொண்டதை நான் எங்கும் காணவில்லை. எனக்கு உண்மையான வருத்தம் அதில்தான்.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது என்று நான் முழுமையாக நம்புகிறேன். நீங்கள் எடுத்து வைத்த சாட்சிதான் பலவீனம். 2008 தேர்தலுக்கு முன் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்ட விவாதங்களில் மோதினார்கள். 2016 தேர்தலுக்குக் கட்சித் தலைமை முதலில் அறிவித்தது ஆறே ஆறு. கட்சி அங்கீகரிக்காத விவாதத்தில் பங்கேற்றால் இந்த ஆறிலும் இடம் கிடையாது என்றும் நிபந்தனை வைத்தார்கள். லாஸ் வேகாஸுக்கு அடுத்த இரண்டையும் சனிக்கிழமை இரவில் வைத்தார்கள், அதில் ஒன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. முகம் தெரியாத வேட்பாளரை நாட்டுக்குக் காட்டும் மேடையைச் சுருக்கினால் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓ'மாலி கட்சிக் கூட்டத்திலேயே எழுந்து இதைக் கேட்டார். பிறகு கசிந்த மின்னஞ்சல்களில், அப்போது சிஎன்என் விமர்சகராகவும் கட்சிப் பொறுப்பிலும் இருந்த டோனா பிரேசில் 2016 மார்ச்சில், மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் நடந்த விவாதத்துக்கு முன், அங்கே ஈயம் கலந்த குடிநீரைப் பற்றிக் கேள்வி வரும் என்று ஹிலாரி தரப்புக்குத் தெரிவித்திருந்தது வெளிவந்தது. சிஎன்என் அவருடனான தொடர்பை முறித்துக்கொண்டது. கட்சித் தலைமையின் மின்னஞ்சல்கள் கசிந்ததால், கட்சித் தலைவர் டெபி வாஸர்மன் ஷுல்ட்ஸ் அதற்கு முன்பே, ஜூலையில், மாநாடு தொடங்கும் நேரத்தில் பதவி விலகல் அறிவித்தாக வேண்டியிருந்தது.

இவை தேதியோடும் எழுத்தோடும் இருக்கும் சான்றுகள். உங்கள் மச்சான் எவ்வளவு தீவிர ஹிலாரி ஆதரவாளராக இருந்தாலும் இவற்றை மறுக்க முடியாது. அழிக்கப்படாத வாக்கெடுப்பை அழித்ததாகச் சொன்னதால், அவர் உங்கள் தரப்பின் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து ஒதுக்கித் தள்ள வசதியாகப் போய்விட்டது. நியாயமான புகார் உள்ளவர்கள் இப்படித் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் புகார் வீண்போகவும் இல்லை. 2020 தேர்தலுக்குக் கட்சி பன்னிரண்டு விவாதங்களை அறிவித்தது, மேடையேறத் தேவையான தகுதிகளை முன்கூட்டியே வெளியிட்டது. அவற்றில் நடந்த கடைசி விவாதம் மார்ச் 15 அன்று. கொரோனாவால் பார்வையாளர் இல்லாமல், வாஷிங்டனில் சிஎன்என் அரங்கில், பைடனும் சாண்டர்ஸும் மட்டும் எதிரெதிரே நின்றார்கள். கைதட்டல் இல்லாததால் ஒருவர் கேள்விக்கு மற்றவர் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதியோர் ஓய்வூதியத்தைப் பற்றி பைடன் முன்பு பேசியவற்றை வைத்து சாண்டர்ஸ் அவரை மடக்கியது அதில்தான்.

அடுத்த முறை மச்சான் ஊருக்கு வரும்போது லாஸ் வேகாஸ் பதிவில் அந்தத் துப்பாக்கிப் பகுதியை மட்டும் இருவரும் சேர்ந்து பாருங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து சாண்டர்ஸ் தன் நிலையை மாற்றிக்கொண்டது சரியா என்று அவரிடம் கேளுங்கள். பசிபிக் ஒப்பந்தத்தில் ஹிலாரி மாறியது சரியா என்று அவர் உங்களிடம் கேட்பார். இருவரும் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.