கல்யாண வீட்டுக்கு எந்த பிரைம் லென்ஸ்?

கேள்வி: அண்ணன், என்னிடம் கெனன் 200டி கெமராவும் அதோடு வந்த 18-55 லென்சும் இருக்கு. சொந்தக்காரரின் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று படம் எடுக்கத் தொடங்கி, இப்போது காசுக்கும் கூப்பிடுகிறார்கள். இரவில் எடுத்தால் படம் ஆடி வருகுது. எல்லாரும் சூம் இல்லாத பிரைம் லென்ஸான 50 எம்எம் எஃப் 1.8ஐ வாங்கச் சொல்கிறார்கள். ஒரு லென்சுக்குத்தான் காசு. மற்ற நாட்களில் வீட்டுப் பிள்ளைகளை எடுக்கவும் அதுவே காணுமா? (களுவாஞ்சிகுடி)

பதில்: தம்பி, எல்லாரும் 50ஐச் சொல்வது சும்மா இல்லை. மலிவு, முகத்துக்கு அழகு, வெளிச்சமும் தாராளம். எஃப் என்பது லென்ஸின் திறப்பு; எண் குறையக் குறைய அகலமாகத் திறக்கும். உங்கள் 18-55ஐ 50 வரை நீட்டினால் எஃப் 5.6ஐ விட அகலமாக அது திறக்காது. எஃப் 1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/15 செக்கனில் ஆடிப்போன அதே படத்தை 1/125இல் எடுத்துவிடலாம்.

ஆனால் நீங்கள் நிற்கப்போகும் இடத்தைப் பற்றி அவர்கள் யாரும் கேட்கவில்லை. 200டியின் சென்சர் (உள்ளே படத்தைப் பதியும் சில்லு) சிறியது. அதில் 50ஐப் பூட்டினால், பெரிய சென்சர் கெமராவில் 80 எம்எம் காட்டும் அளவுதான் தெரியும். தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மணவறைக்கு முன்னால் ஐயர், பக்கத்தில் வீடியோக்காரர், பின்னால் ஃபோனைத் தூக்கிப் பிடித்த பத்துப் பேர். உங்களுக்குப் பத்தடி கிடைத்தால் பெரிய விஷயம். அந்தப் பத்தடியில் கெமராவை நெடுக்காகப் பிடித்தாலும் 50இல் சுமார் நாலரை அடி உயரம்தான் அடங்கும். கூறைச்சேலைக் கரை முழங்காலோடு வெட்டுப்படும். பின்னால் போகலாமென்றால் பெரியம்மாவின் காலை மிதிக்க வேண்டும். 35 எம்எம் என்றால் அதே இடத்தில் ஆறடிக்கு மேல் அடங்கும். பெண்ணின் தலையிலிருந்து கால் வரை முழுசாக வரும்.

ஆகவே என்னைக் கேட்டால் உங்களுக்கு 35, அல்லது 30. கெனன் 35 எஃப் 2 ஐஎஸ் அருமையான லென்ஸ்தான், விலையும் அப்படித்தான். சிக்மா 30 எஃப் 1.4 நல்ல நிலையில் பாவித்தது கிடைத்தால் விடாதீர்கள். மெல்லிசான கெனன் 24 எஃப் 2.8 சட்டைப்பைக்குள் போகும், ஊர் சுற்ற நல்லது. ஆனால் அந்த அகலத்தில் உங்கள் 18-55 லென்சே ஏறக்குறைய எஃப் 4 வரை திறக்கும். இரவுக் கல்யாணத்துக்கு அந்த ஒரு படி லாபம் போதாது. 85ஐ இப்போது மறந்துவிடுங்கள். அது தேவாலயக் கல்யாணத்தில் பின்வரிசையிலிருந்து எடுப்பவருக்கு.

என் பேச்சை நம்பி வாங்கவும் வேண்டாம். இதுவரை எடுத்த கல்யாணப் படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்திலும் எத்தனை எம்எம் என்று பாருங்கள். பெரும்பாலானவை 24க்கும் 35க்கும் இடையில் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. எல்லாம் 50க்குப் பக்கத்தில் என்றால் நான் சொன்னதை விட்டுவிட்டு 50ஐயே வாங்குங்கள். இன்னொரு வழி: அடுத்த சாமத்திய வீட்டில் சூம் வளையத்தை 35இல் நிறுத்தி, ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு எடுத்துப் பார்ப்பது. வீட்டுப் பிள்ளைகளுக்கும் அறைக்குள் 35தான் வசதி.

லென்ஸ் வந்தவுடன் எஃப் 1.8இலேயே நிற்காதீர்கள். 50இல், ஐந்தடி தூரத்தில், தெளிவாக விழும் ஆழம் ஆறு சென்டிமீட்டர் அளவுதான். பெண்ணின் கண் தெளியும், பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளை கலங்குவார். இருவர் என்றால் எஃப் 2.8, குடும்பப் படத்துக்கு எஃப் 4க்கு மேல். மண்டபத்து எல்ஈடி விளக்குகளில் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு செக்கனுக்கு நூறு தடவை துடிக்கும்.

கேள்வி: நானா, என்னுடையது நிக்கோன் டி5300. கல்முனையில் ஒருவர் 50 எஃப் 1.8டி லென்ஸை நல்ல மலிவாகத் தருகிறார். எடுக்கவா? (சம்மாந்துறை)

பதில்: எடுக்க வேண்டாம். அந்த 'டி' வகை லென்சுக்குள் மோட்டார் இல்லை, டி5300 உடம்புக்குள்ளும் இல்லை. லென்ஸைக் கழற்றி கெமராவின் உலோக வளையத்தைப் பாருங்கள்: டி7000 வரிசையில் திருப்புளி நுனி மாதிரி ஒரு சின்ன முனை துருத்திக்கொண்டிருக்கும், உங்களுடையதில் இருக்காது. பூட்டலாம், ஆனால் ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும். ஓடும் பிள்ளையை அப்படிப் பிடிக்க முடியாது. 'ஜி' என்று முடியும் ஏஎஃப்-எஸ் 35 எஃப் 1.8 தேடுங்கள்.

கேள்வி: பாவித்த லென்ஸ் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? (அக்கரைப்பற்று)

பதில்: முதலில் பூஞ்சை. கடலும் வாவியும் சூழ்ந்த ஊர், ஐப்பசி தொடங்கி மார்கழி தாண்டியும் ஈரம். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் ஃபோன் டோர்ச்சை அடித்து மறுபக்கம் சரித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் மெல்லிய நூல்நூலாகக் கிளைத்திருந்தால் பூஞ்சை. விலையைக் குறைத்தாலும் வேண்டாம். ஒன்றிரண்டு தூசு பெரிதில்லை. பிறகு சொந்த மெமரி கார்ட்டைப் போட்டு, முழுசாகத் திறந்து, சுவர்க் கலண்டரின் எழுத்தைப் பத்துத் தடவை எடுங்கள். ஐந்து தெளிந்து ஐந்து கலங்கினால் ஃபோகஸில் பிழை.

வாங்கியதைத் தோல் உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுக்கும். இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். அரிசி வேண்டாம், தவிடு தூசு கண்ணாடிக்குப் போகும்.

கடையில் வாங்கினால் தொடர் இலக்கத்தோடு பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கேட்டால் தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. ஏமாற்றினால் வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், விபரத்துக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள். வியாபாரியல்லாத தனியாளிடம் வாங்கினால் இந்த வழி உதவாது. அதனால் காசைக் கையில் கொடுக்க முன் அந்தப் பத்துப் படத்தையும் ஃபோன் திரையில் அல்ல, லப்டொப்பில் பெரிதாக்கிப் பாருங்கள்.