படுக்கை விரிப்பின் முகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேய்க்கதை எழுதியவர்களில் எம். ஆர். ஜேம்ஸுக்கு இணையாக இன்னொருவரைச் சொல்வது கடினம் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். பள்ளி நாட்களிலேயே எட்கர் ஆலன் போவையும் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வையும் படித்துவிட்டு விளக்கை அணைக்க அஞ்சியவன் நான். ஆவலுடன் ஜேம்ஸின் புகழ்பெற்ற விசில் கதையைத் தேடிப் படித்தேன், ஏமாற்றமே மிஞ்சியது. ஒரு பேராசிரியர் கோல்ஃப் ஆடப் போகிறார், ஒரு விசிலைக் கண்டெடுத்து ஊதுகிறார், கடைசியில் படுக்கை விரிப்பு ஒன்று எழுந்து வந்து அவரை மிரட்டுகிறது. குழந்தைகள் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆடும் விளையாட்டிலிருந்து இது எவ்வகையில் உயர்ந்தது? வந்த பேய் யார், எதற்காக வந்தது என்பதைக்கூட அவர் சொல்லவில்லையே?

அன்புடன்,
ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஏமாற்றத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஜேம்ஸின் கதைகளில் நான் விட்டுக்கொடுக்கக்கூடிய குறைகள் பல உண்டு. ஆனால் அந்தப் படுக்கை விரிப்பை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதலில் எழுதியவரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய தொழில்தான் அவருடைய உரைநடையாகவும் ஆயிற்று. மான்டேக் ரோட்ஸ் ஜேம்ஸ் 1862இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்து, பாதிரியாரான தந்தையின் பணி காரணமாக சஃபோக்கில் உள்ள கிரேட் லிவர்மியர் என்ற சிற்றூரில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் இடைக்காலக் கைப்பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, எந்த ஏட்டில் என்ன படம், எந்த ஓரத்தில் யாருடைய குறிப்பு என்று விவர அட்டவணை தயாரித்ததே அவருடைய வாழ்நாள் உழைப்பு. 1905இல் கிங்ஸ் கல்லூரியின் தலைவராகவும், 1918இலிருந்து 1936இல் இறக்கும்வரை ஈட்டன் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். ஒரு கைப்பிரதியில் அவர் கண்ட குறிப்பைப் பின்பற்றி 1902இல் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடாலய இடிபாடுகளில் தோண்டியபோது, மறைந்துபோன பழைய மடாதிபதிகளின் கல்லறைகள் கிடைத்தன. பழைய ஏட்டைப் படித்தவன் மண்ணைத் தோண்டுகிறான், அங்கே யாரோ படுத்திருக்கிறார்கள். இது அவர் கதைச் சுருக்கம் போலவே இருக்கிறது என்றால், அது அவருக்கு வாழ்க்கையாகவும் இருந்தது.

கதைகளை அவர் எழுதியது நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காக. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் தம் அறையில் நண்பர்களைக் கூட்டி, ஒரு மெழுகுவர்த்தியைத் தவிர மற்றவற்றை ஊதி அணைத்துவிட்டு, மை காய்ந்தும் காயாத தாள்களிலிருந்து படிப்பாராம். அவற்றில் எட்டுக் கதைகள் 1904இல் நூலாயின. நீங்கள் படித்த கதையும் அவற்றில் ஒன்று. 'நீ விசிலடி, நான் வந்துவிடுகிறேன்' என்ற பொருள் தரும் அதன் தலைப்பு ராபர்ட் பர்ன்ஸின் காதல் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அப்பனும் ஆத்தாளும் பித்துப் பிடித்து அலைந்தாலும் நீ அழைத்தால் வருவேன் என்று ஒரு பெண் காதலனுக்குக் கொடுக்கும் வாக்கு அது. யார் கொடுக்கும் வாக்கு என்பதை மட்டும் ஜேம்ஸ் மாற்றிவிட்டார்.

இப்போது விரிப்புக்கு வருகிறேன். பேராசிரியர் பார்க்கின்ஸ் கடலோர விடுதியில் தங்கும் அறையில் இரண்டு கட்டில்கள் இருக்கின்றன என்ற செய்தி முதல் பக்கங்களிலேயே, சற்று எரிச்சலூட்டும் நிர்வாக விவரமாக வந்துவிடுகிறது. தனி அறை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். விசிலை ஊதிய மறுநாள் காலை, இரண்டு படுக்கையிலும் ஆள் படுத்ததுபோல் துணி கலைந்திருக்கிறது என்று பணிப்பெண் சொல்கிறாள். கடைசி இரவில் நிலா வெளிச்சத்தில் அந்தக் காலிக் கட்டிலில் ஒன்று எழுந்து உட்காருகிறது. உடனே அது பாய்வதில்லை. கைகளை நீட்டித் துழாவுகிறது. அதற்குக் கண் தெரியாது என்பது பார்க்கின்ஸுக்கு அப்போதுதான் புரிகிறது. அவர் சற்றுமுன் விட்டு எழுந்த படுக்கைக்கு அது விரைந்து போய், குனிந்து, தலையணைகளைத் தடவிப் பார்க்கிறது. என்னைப் பொறுத்தவரை கதையின் உச்சம் அந்தத் தடவலில்தான் இருக்கிறது. பிறகு தெரியும் கசங்கிய துணியின் முகம் அதன் எதிரொலி.

குழந்தை விளையாட்டில் போர்வைக்குள் ஒரு குழந்தை இருக்கிறது, அதனால்தான் அது விளையாட்டு. இங்கே துணிக்குள் எதுவும் இல்லை. வந்தது தனக்கென்று உடல் இல்லாதது. அறையில் கிடைத்ததை எடுத்து உடலாக்கிக்கொண்டது என்று ஜேம்ஸ் தெளிவாகவே சொல்லிவிடுகிறார். உங்கள் ஆட்சேபத்தைக்கூட அவரே கதைக்குள் வைத்திருக்கிறார். அறைக்குள் ஓடிவந்து பார்க்கின்ஸைக் காப்பாற்றும் கர்னல், இந்தியாவில் இதுபோன்ற ஒன்றைக் கண்டவராம். கட்டிப் பிடித்திருந்தால் அதனால் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது, பயமுறுத்துவது ஒன்றே அதன் வலிமை என்று அவர் கருதுகிறார். கர்னல் சொல்வது சரிதான். ஆனாலும் அந்தப் பேராசிரியரால் பிறகு கதவில் தொங்கும் பாதிரியாரின் வெள்ளை அங்கியைப் பார்க்க முடியவில்லை. குளிர்கால மாலையில் வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மை அவர் தூக்கத்தைக் கெடுக்கிறது. நான் இதை முதலில் படித்தது விடுதி அறையில். உடன் தங்கியவன் ஊருக்குப் போயிருந்தான். படுக்கும் முன் அவன் கட்டில்மேல் என் டிரங்குப் பெட்டியையும் புத்தகங்களையும் அடுக்கி வைத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

வந்தது யார் என்று கேட்கிறீர்கள். அந்த விசிலிலேயே லத்தீனில் பொறித்திருப்பது அந்தக் கேள்விதான்: 'வருகின்ற இவர் யார்?' பார்க்கின்ஸ் அதைப் படிக்கிறார், பொருளும் கொள்கிறார், ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று எண்ணி ஊதுகிறார். டெம்ப்ளர் வீரத்துறவிகளின் இடிபாட்டில் கிடைத்தது என்பதற்கு மேல் நமக்கு விளக்கம் தரப்படுவதில்லை. 1897இல் வந்த 'டிராகுலா'வை நினைத்துப் பாருங்கள். பிரபுவுக்குப் பெயர், குலவரலாறு, லண்டனில் வாங்கிய வீட்டின் பத்திரம் எல்லாம் உண்டு. அவர் யார் என்று தெரிந்த கணத்திலேயே பூண்டும் சிலுவையும் மரமுளையும் நம் கைக்கு வந்துவிடுகின்றன. நாவலின் முதல் நான்கு அத்தியாயங்களில் உள்ள அச்சம் பிற்பகுதியில் வேட்டைக்கதையாக மாறிவிடுவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. ஜேம்ஸ் தம் பேய்க்கு வரலாறு தராததால் நமக்கு ஆயுதமும் தருவதில்லை.

அவர் கண்ணைவிடத் தொடுகையை நம்பியவர் என்பதையும் கவனியுங்கள். 1911 தொகுப்பில் உள்ள 'காஸ்டிங் த ரூன்ஸ்' கதையில் டன்னிங் இருட்டில் தலையணைக்கு அடியில் கையை விடுகிறார். கை படுவது ஒரு வாயில். பற்களும் சுற்றிலும் மயிரும் கொண்ட, மனிதருடையதல்லாத வாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை வர்ணனை இல்லை. அடுத்த வாக்கியத்தில் அவர் வேறோர் அறையில் தாழிட்டுக்கொண்டு நிற்கிறார். 1927இல் எழுதிய நீண்ட கட்டுரையில் ஜேம்ஸைப் போற்றிய அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட், தம் கதைகளில் அந்த இடத்துக்கு ஒரு பத்தி நிறைய அடைமொழிகளைக் கொட்டியிருப்பார்.

குறைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. ஜேம்ஸின் மனிதர்களுக்குப் பெரும்பாலும் அகம் இல்லை. மனைவியும் மக்களும் இல்லாத அறிஞர்கள், ஆர்வக்கோளாறு ஒன்றே அவர்கள் குணம். பேய் வெளியிலிருந்து வருகிறதா, தனிமையில் வெந்த மனத்திலிருந்து வருகிறதா என்ற கேள்வி உங்களுக்கு முக்கியமென்றால் ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய ஹில் ஹவுஸ் நாவலுக்குத்தான் போக வேண்டும். அதில் எலினார் இருட்டில் தோழியின் கையை இறுகப் பற்றியிருந்து, வெளிச்சம் வந்ததும், தான் பற்றியிருந்தது யார் கையை என்று கேட்கும் இடத்தில் ஜேம்ஸின் வித்தையும் இருக்கிறது, அவருக்குக் கைவராத ஒரு பெண்ணின் மனமும் இருக்கிறது.

ஜேம்ஸை இன்னொரு முறை முயன்று பார்க்க விரும்பினால், அவர் இறந்த ஆண்டின் இறுதியில் அச்சான 'எ விக்னெட்' என்ற சிறிய கதையைப் படியுங்கள். கிராமப் பாதிரியார் இல்லத்தின் தோட்டம், அப்பால் மரத்தோப்பு, இடையில் ஒரு மரக்கதவு, அதில் சதுரமான ஒரு துளை. சிறுவன் அந்தத் துளையின் வழியே தன்னைப் பார்க்கும் ஒரு முகத்தைக் காண்கிறான். வெளிறிய பேய்முகம் இல்லை, இளஞ்சிவப்பாக, சூடாக இருப்பதுபோல் தோன்றும் முகம். கண்கள் பெரிதாகத் திறந்து அசையாமல் நிற்கின்றன. அந்தக் கண்களுக்குச் சற்று மேலே, நெற்றியிலிருந்து தொங்குகிறது ஒரு வெள்ளைத் துணியின் ஓரம்.

அன்புடன்