தலையணை ஏன் நனைகிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். வயது 48. மகன் திருமணத்துக்குள் உடம்பைச் சுத்தப்படுத்த 21 நாள் கழிவுநீக்க விரதம் தொடங்கியிருக்கிறேன். இன்று ஒன்பதாம் நாள். காலையில் எலுமிச்சை வெந்நீர், மதியம் வெள்ளரிச் சாறு, இரவில் புதினாத் தண்ணீர். நான்கு கிலோ குறைந்துவிட்டது, தலைவலிதான் விடவில்லை. 74 வயது மாமியாரும் என்னோடு சேர்ந்துகொண்டார். அவருக்கு நச்சு நன்றாகவே வெளியேறுகிறது. இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுத்துவிடுகிறேன். விரதத்தை 30 நாளாக நீட்டிக்கலாமா?

பதில்: தொலைபேசி எண்ணை எழுதியிருந்தால் கடிதம் கிடைத்த அன்றே கூப்பிட்டிருப்பேன். எழுதவில்லை, ஆகவே அச்சில் சொல்கிறேன். பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு மாமியாருக்குச் சாப்பாடு போடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

அந்தத் தலையணையை நனைப்பது நச்சு அல்ல. சில சர்க்கரை மாத்திரைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிடித்து உலுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு இல்லையென்றால் அந்த இன்சுலின் இரத்தத்தில் இருக்கிற கொஞ்சம் சர்க்கரையையும் இறக்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், குழறல், மயக்கம் எல்லாம் அதன் அடையாளங்கள். முதியவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அந்த மாத்திரையின் வேகம் ஒரு நாளைத் தாண்டியும் நீடிக்கலாம். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியாது. சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையைத் தவறாமல் கொடுத்ததைப் பொறுப்பு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு வியர்த்தது.

"சேர்ந்துகொண்டார்" என்கிறீர்கள். அடுப்பு யார் கையில் இருக்கிறது? சமைத்துப் போடுகிறவளே பட்டினி கிடக்கும் வீட்டில், "எனக்கு மட்டும் சோறு வை" என்று 74 வயதில் எந்த மாமியார் கேட்பார்? வாய் திறக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தன்னைப் பெற்றவள் ஒன்பது நாளாகச் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் பேசாமல் இருந்தால் இந்தத் திட்டில் பாதி அவருக்கு.

விரதம் நமக்குப் புதிதல்ல. புரட்டாசி பிறந்தால் இந்த ஊரில் எத்தனை வீடுகளில் கவிச்சி அடுப்பேறாது என்று உங்களுக்கே தெரியும். என் பாட்டி புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருபொழுதுதான் சாப்பிடுவார். ஆனால் சர்க்கரைக்கார தாத்தாவுக்கு வேளை தவறாமல் தட்டு வைத்த பிறகே விளக்கேற்றப் போவார். நோயாளிக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் விரதம் கிடையாது என்பதுதான் எங்கள் வீட்டில் நான் கற்றது. இந்தச் சாறு விரதத்தில் அந்த விலக்கு எங்கே? உடம்பு லேசானால் நச்சு போய்விட்டது, தலை சுற்றினால் நச்சு போய்க்கொண்டிருக்கிறது. எப்படி விழுந்தாலும் விரதத்துக்கே வெற்றி!

உடம்பைச் சுத்தம் செய்யக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. ஆரோக்கியமான சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. வெள்ளரிச் சாற்றுக்காக அவை காத்திருக்கவில்லை. உங்கள் நான்கு கிலோவில் கணிசமான பகுதி தண்ணீர். சோறு தின்றதும் அது திரும்பி வரும். தலைவலி பட்டினியால் வந்திருக்கலாம், காபியையோ தேநீரையோ சட்டென்று விட்டதாலும் வந்திருக்கலாம். உங்களைப் பற்றி இவ்வளவு போதும். 30 நாளும் வேண்டாம், 21 நாளும் வேண்டாம்.

மாமியாரை இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், மாத்திரை அட்டைகளோடு. ஒன்பது நாள் என்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதா மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். இன்னொரு முறை நீங்கள் மருத்துவராக வேண்டாம். அதற்குள் வியர்த்து நடுங்கினால் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், தெளிந்ததும் சோறு கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 10177-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரச் சொல்லுங்கள்.

இன்று இரவு உங்கள் படுக்கையை அவர் அறையில் போடுங்கள். இரண்டு மணிக்கு எழுந்து தலையணையைத் தொட்டுப் பாருங்கள்.