பாட்டி வீட்டில் மட்டும் தும்மல் வராதது ஏன்?

வீட்டுக்குள் நாம் சுவாசிக்கும் காற்று பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை ஐந்துக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. காலையில் கண் விழித்ததுமே பத்து, பதினைந்து தும்மல் தொடர்ந்து வருகிறது. மூக்கைத் தேய்த்துத் தேய்த்து மூக்கின் மேல் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. தயிர், வாழைப்பழம், திராட்சை எல்லாம் நிறுத்தியாயிற்று. மே மாதம் அம்பாசமுத்திரம் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போனால் நாலைந்து நாளில் சரியாகிவிடுகிறது. அங்கே திண்ணையில் பாட்டியோடு பாயில் படுப்பாள். இங்கே அவளுக்கென்று தனி மெத்தை, சுற்றிலும் பொம்மைகள், ஏசி, எல்லா வசதியும் செய்து கொடுத்திருக்கிறோம். ஊர்த் தண்ணீர்தான் மருந்து என்கிறார் என் மாமியார். சென்னையை விட்டே போய்விடலாமா என்று யோசிக்கிறோம். — ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: அவசரப்பட வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. தாமிரபரணித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், ஆனால் இங்கே வேலை செய்தது அநேகமாகப் பாய்.

மெத்தை, தலையணை, பஞ்சு பொம்மை, கனமான திரைச்சீலை இவற்றில் தூசுப்பூச்சி என்று ஒன்று வாழ்கிறது. டஸ்ட் மைட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் பொடியைத் தின்று பிழைக்கிறது. அதன் கழிவில் இருக்கும் புரதம்தான் குழந்தையின் மூக்குக்கு ஆகவில்லை. இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் ஈரப்பதம் மிகுந்த சென்னை அதற்குச் சொர்க்கம். ராத்திரி முழுவதும் அந்த மெத்தையில் முகம் புதைத்துப் படுத்துவிட்டு எழுந்திருக்கும் குழந்தைக்குக் காலையில்தானே தும்மல் வரும்?

இந்தப் புதிர் உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததல்ல. 1920களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஸ்டார்ம் வான் லீவன் என்ற மருத்துவர் இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இழுப்பு நோயாளிகள் ஆல்ப்ஸ் மலையில் போய்த் தங்கினால் தேறிவிடுகிறார்கள், ஈரம் மிகுந்த தங்கள் ஊருக்குத் திரும்பினால் மறுபடியும் இழுக்கிறது. மலைக்காற்றின் மகிமை என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1960களில் அதே லைடனில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் வீட்டுத் தூசியை ஆராய்ந்து, வில்லன் இந்தப் பூச்சிதான் என்று காட்டினார்கள். உயரமான மலையில் காற்று வறண்டிருப்பதால் அங்கே அது பிழைப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? வீடு முழுவதையும் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம், அவள் படுக்கிற அறையை மட்டும் முதலில் கவனியுங்கள். முடிந்தால் இரண்டு மாதம் அவளையும் பாயில் படுக்க வையுங்கள். கோரைப்பாயைத் துடைக்கலாம், உதறலாம், சுருட்டி வெயிலில் நிறுத்தலாம், மெத்தையை அப்படிச் செய்ய முடியாது. மெத்தைதான் வேண்டும் என்றால், அதை முழுதாக மூடி ஜிப் போடுகிற, தூசி புகாத உறை போடுங்கள். ஆனால் உறையை மட்டும் மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஆஸ்துமா உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு அப்படி உறை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது, உறையால் மட்டும் பலன் கிடைக்கவில்லை. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூடான நீரில் துவைக்க வேண்டும். பொம்மைகளில் அவளுக்கு உயிரான ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அதையும் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒருநாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, அப்புறம் துவையுங்கள். குளிர் பூச்சியைக் கொல்லும், ஆனால் செத்த பூச்சியின் கழிவும் தும்மலைக் கிளப்பும் என்பதால் துவைப்பதை விடக் கூடாது. மெத்தையை வெயிலில் போட்டாலும் இதே கதைதான், காய்ந்தபின் தட்டி, துடைத்து எடுங்கள்.

இன்னொன்று, படுக்கையை உதறும்போது குழந்தை அறையில் இருக்கக் கூடாது. கழிவுத் துகள் கனமானது, கிளப்பினால் எழும்பி, கொஞ்ச நேரத்தில் கீழே படிந்துவிடும். அரைமணி நேரம் கழித்து அவள் உள்ளே வரட்டும். துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துணி. மின்விசிறி இறக்கையை ஒரு பழைய தலையணை உறைக்குள் நுழைத்து, அழுத்தித் துடைத்து உருவினால் தூசி உறைக்குள்ளேயே தங்கிவிடும், கட்டில் மேல் கொட்டாது.

தயிரைத் திரும்பக் கொடுங்கள். சாப்பிட்டவுடன் தடிப்போ அரிப்போ வந்தால் அது வேறு விஷயம், டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல், யாரோ சொன்னார்கள் என்று வளரும் பிள்ளையின் சாப்பாட்டை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. மூக்குக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள். எதனால் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் அலர்ஜி சோதனை இருக்கிறது.

கேள்வி: ராத்திரி கொசுவர்த்தி ஏற்றாமல் எங்களால் தூங்க முடியாது. என் மனைவிக்கு வீசிங் இருக்கிறது. டெங்கு பயத்தில் நிறுத்தவும் தைரியம் வரவில்லை. — ஒரு வாசகர், வேலூர்

பதில்: நிறுத்துங்கள், இன்று ராத்திரியே. கொசுவர்த்திச் சுருளில் கொசு மருந்து இருப்பது மிகக் கொஞ்சம், மிச்சமெல்லாம் மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைத் தூள் போன்ற எரிபொருள்தான். சீனா, மலேசியாவில் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2003-இல் வந்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அதில் கண்டார்கள். வீசிங் உள்ளவர் படுத்திருக்கும் பூட்டிய அறைக்குள் இதை ஏற்றுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

டெங்குக் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது, காலையிலும் மாலையிலும் அதிகம். ராத்திரி ஏற்றும் சுருள் அதற்குக் காவல் அல்ல. அந்தக் கொசு முட்டையிடும் இடம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கீழே தண்ணீர் தேங்குகிற ஒரு தட்டு இருக்கும், எத்தனை பேர் அதை இழுத்துப் பார்த்திருப்போம்? பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். ஜன்னலுக்கு வலை அடிப்பதும், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுவதும் ஒருமுறைச் செலவு. பகலில் தூங்கும் கைக்குழந்தை இருந்தால் அதற்கும் வலை வேண்டும். மாலையில் சாம்பிராணி போடும் வழக்கம் இருந்தால் மனைவி அந்த நேரம் வெளியே இருக்கட்டும், ஜன்னலைத் திறந்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் மழைக்காலம் முழுக்க இருமல். வீட்டுக்காரர் இரண்டு முறை பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார், ஆறு மாதத்தில் திரும்ப வருகிறது. நாங்கள் ஜன்னல் திறப்பதில்லை, துணியை உள்ளே காயப் போடுகிறோம் என்று எங்களைக் குற்றம் சொல்கிறார். — ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: படிக்கும்போதே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இந்தச் சுவரை நான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன், மூன்று வயதுப் பையனுக்கு மாதத்துக்கு இரண்டு முறை நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. அறை பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஆனால் உள்ளே நுழைந்ததும் நனைந்த சாக்கு மாதிரி ஒரு வாடை. பையனின் அப்பாவும் நானும் சேர்ந்து பீரோவை நகர்த்தினோம். பின்னால் சுவரில் பீரோவின் அளவுக்கே ஒரு கறுப்புச் சதுரம், விரலால் தொட்டால் மசி மாதிரி ஒட்டியது, பெயின்ட் கொப்பளித்து உள்ளேயிருந்து ஈரப்பொடி உதிர்ந்தது. சுவரின் அந்தப் பக்கம் குளியலறை. குழாய் கசிந்துகொண்டிருந்தது.

பூஞ்சைக்கு வேண்டியது தண்ணீர், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எத்தனை கோட்டிங் அடித்தாலும் வீண். மொட்டை மாடியில் விரிசலா, குளியலறைக் குழாயா, மழைநீர்க் குழாய் உடைந்து சுவரில் வழிகிறதா என்று ஒரு நல்ல பிளம்பரும் கொத்தனாரும் பார்த்தால் தெரிந்துவிடும். இது வீட்டுக்காரர் பொறுப்பு. கசிவை அடைத்து, சுவர் காய்ந்தபின், உப்பிய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் பூச வேண்டும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவது, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கறுப்பைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பது, பிள்ளைகளை வேறு அறையில் படுக்க வைப்பது. ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் எந்தக் காரணத்துக்கும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து.

துணி உள்ளே காய்வதால் ஈரம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் வெளியே காயப் போட இடமில்லாத வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு அதைக் குற்றமாகச் சொல்வது நியாயமில்லை. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது, வாசலைச் சேர்க்காமல், ஜன்னல் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது. பத்துக்குப் பத்து அறை என்றால் கிட்டத்தட்ட 17 சதுர அடி. உங்கள் படுக்கையறை ஜன்னலை ஒரு இஞ்ச் டேப்பால் அளந்து பாருங்கள். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் சளித் தொந்தரவும் கூடுதலாக இருப்பதை 2009-லேயே உலக சுகாதார நிறுவனம் எழுதி வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. தண்ணீர் கெட்டால் மாநகராட்சியைக் கேட்கிறோம், சுவர் கெட்டால் மட்டும் ஏன் வீட்டுப் பெண்ணைக் கேட்க வேண்டும்? சுவரைத் தேதியோடு போட்டோ எடுத்து, பிள்ளைகளின் மருத்துவச் சீட்டோடு சேர்த்து, வீட்டுக்காரருக்கு எழுத்திலேயே கொடுங்கள்.

கேள்வி: பால்கனியில் அம்மா தினமும் புறாக்களுக்குத் தானியம் போடுகிறார், புண்ணியம் என்கிறார். ஆறு மாதமாக அவருக்கு வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சம்பந்தம் இருக்குமா? — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இருக்கலாம், தள்ளிப்போடாமல் நுரையீரல் நிபுணரைப் பாருங்கள். புறாவின் எச்சத்திலும் இறகுத் தூசியிலும் உள்ள புரதம் சிலருக்கு நுரையீரலையே ஒவ்வாமையால் வீங்க வைக்கும். கவனிக்காமல் விட்டால் அது தழும்பாக இறுகிவிடும், இறுகியபின் பழையபடி ஆகாது. இந்தியாவில் 19 நகரங்களில் 1,084 நோயாளிகளைப் பதிவு செய்த ஒரு ஆய்வு 2017-இல் வெளிவந்தது. நுரையீரல் திசு இறுகும் வகை நோய் வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த ஒவ்வாமை வகைதான் இருந்தது. அவர்களில் பலர் வீட்டில் ஏர் கூலர் வைத்திருந்தவர்கள், பறவைகளோடு பழகியவர்களும் இருந்தார்கள். தானியத்தை நிறுத்துங்கள், பால்கனிக்கு வலை கட்டுங்கள். காய்ந்த எச்சத்தை அம்மா பெருக்கவே கூடாது, வேறு யாராவது மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஊறவைத்து வழிக்கட்டும். டாக்டரிடம் போகும்போது புறா விஷயத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அவர் கேட்க மறக்கலாம்.

கேள்வி: எங்கள் கிராமத்து வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனாலும் சோறும் வெந்நீரும் விறகடுப்பில்தான். பீடி, சிகரெட் பக்கமே போகாத என் அம்மாவுக்கு, சிகரெட் பிடிப்பவர்களுக்கு வருகிற நுரையீரல் அடைப்பு நோய் என்று சொல்கிறார்கள். எப்படி? — ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: அடுப்புப் புகையால்தான். 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் குஜராத் கிராமங்களுக்கு வந்து, சமைக்கும் பெண்கள் மேல் சிறு கருவியை மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். உலகம் அதுவரை புகை என்றால் ஆலையையும் வாகனத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

அம்மாவைத் திட்டாதீர்கள். சிலிண்டர் விலைக்குப் பயந்துதான் டீக்கு கேஸ், சோற்றுக்கு விறகு என்று அவர் பிரித்து வைத்திருப்பார். சோற்றுக்கு ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்து, சிலிண்டர் செலவு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று சொல்லிப் பாருங்கள். வெந்நீர் அடுப்பை வீட்டுக்கு வெளியே, காற்று போகிற பக்கமாக மாற்றிப் போடுங்கள், நீர் சுட வைக்கும்போது பேரப்பிள்ளைகள் அடுப்படியில் உட்கார வேண்டாம். அப்புறம், அவருக்கு இன்ஹேலர் கொடுத்திருப்பார்கள். பழகிவிடும் என்று யாராவது பயமுறுத்தியிருந்தால் அது தவறு என்று சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது அவர் அதை எப்படி இழுக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், நிறையப் பேருக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. சரியாக வரவில்லை என்றால் ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குடுவை கிடைக்கும், அதை மாட்டி இழுக்கச் சொல்லுங்கள்.