மீதி ஐந்து ரூபாய்

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்பு வரை பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் படித்தான். கொஞ்சம் மெதுவாக எழுதுவான். அதனால் மற்ற பிள்ளைகள் விளையாடப் போகும்போது அவனை மட்டும் வகுப்பில் உட்கார வைத்து எழுத வைப்பார்கள். காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே வயிறு வலிக்கிறது என்பான். டாக்டரிடம் காட்டினோம், உடம்பில் ஒன்றுமில்லை என்றார். போன ஜூனில் பள்ளியை நிறுத்திவிட்டு நானே வீட்டில் சொல்லிக் கொடுக்கிறேன். வயிற்றுவலி போய்விட்டது, பயம் எனக்கு வந்துவிட்டது. நான் பன்னிரண்டாவது வரைதான் படித்தவள், இங்கிலீஷ் சுமார்தான். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. மாமியார் தினமும் "புள்ளைய வூட்டுலயே வெச்சிக்கினு என்னா பண்ணப் போற" என்கிறார். மாமனார் காசிமேட்டில் வலை சரிசெய்கிறவர், அவர் எதுவும் சொல்வதில்லை. இது சட்டப்படி தப்பா அக்கா? பத்தாவது எப்படி எழுதுவான்? வகுத்தல் கணக்குக்கு உட்கார்ந்தால் அழுகிறான், நானும் கத்திவிடுகிறேன். நேற்று அடித்துவிட்டேன்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். சட்டமும் பத்தாவதும் கொஞ்சம் காத்திருக்கலாம்.

என் மகளை நாங்கள் நான்காம் வகுப்புக்குப் பிறகு ஆறு வருடம் வீட்டிலேயே படிக்க வைத்தோம். ராயபுரத்தில் இரண்டு அறை வீடு. முதல் வருடம் நான் செய்ததை இன்று நினைத்தாலும் மனம் பதறுகிறது. ஒன்பது மணிக்கு மேசை, நாற்பது நிமிடத்துக்கு ஒரு பாடம், சுவரில் டைம் டேபிள். பின்னக் கணக்கில் மூன்றாவது முறையும் அதே தப்பைச் செய்தாள் என்று ஒரு நாள் அவள் நோட்டைக் கிழித்துவிட்டேன். அன்று இரவு அவள் தன் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது: "அம்மா எப்பப்பா திரும்பி வருவாங்க?" நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

பள்ளியில் டீச்சர் கத்தினால் பிள்ளை வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொல்லி அழலாம். நீங்களே டீச்சராகி நீங்களே கத்தினால், அவன் எங்கே போவான்? வீட்டுக் கல்வியில் நான் பார்த்த பெரிய ஆபத்து இது ஒன்றுதான். பாடம் பின்தங்குவது ஆபத்தில்லை, அதை எப்போது வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். அதனால் இன்று அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அம்மா அடிச்சது தப்பு" என்று சொன்னால் போதும், காரணம் எதுவும் சேர்க்க வேண்டாம். இனிமேல் கண்ணீர் வந்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள். கணக்கு பாதியில் நின்றாலும் சரி. மூடிவிட்டுத் துணி மடிக்கப் போங்கள், அவனையும் கூப்பிடுங்கள்.

வகுத்தலுக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோனவரைத்தான் நான் நினைக்கிறேன், எதுவும் சொல்லாத உங்கள் மாமனாரை. கண்ணி எண்ணி வலை பின்னுகிற மனிதருக்குக் கணக்கு விரல் நுனியில் இருக்கும். கடலிலிருந்து வந்த படகின் வரும்படியை எப்படிப் பங்கு பிரிப்பார்கள் என்று பேரனுக்குச் சொல்லச் சொல்லுங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை முதலில் கழிக்க வேண்டும். படகுக்காரருக்கு எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு என்பதைத் தாத்தாதான் சொல்ல வேண்டும். ஆட்களின் பங்கு 50,000 ரூபாய், ஆட்கள் 9 பேர் என்று வைத்துக்கொள்வோம். பையன் முதலில் நோட்டில் போட வேண்டாம். புளியங்கொட்டையோ சோழியோ எடுத்து, ஒரு கொட்டை ஆயிரம் ரூபாய் என்று ஒன்பது குவியலாகப் பிரிக்கட்டும். ஆளுக்கு ஐந்து போய், ஐந்து கொட்டை மிஞ்சும். அதை நூறாக மாற்ற வேண்டும், பிறகு பத்தாக, பிறகு ஒன்றாக. ஒவ்வொரு முறையும் ஐந்து ஐந்தாகவே போகும், ஐந்தாகவே மிஞ்சும். ஆளுக்கு 5,555 ரூபாய், மீதி 5. "அந்த அஞ்சு ரூபா யாருக்கு?" என்று கேளுங்கள். மேலேயிருந்து ஒவ்வொரு இலக்கமாக இறக்குகிறோமே, அது கையிலிருக்கும் பணத்தைச் சில்லறை மாற்றுவதுதான் என்பது அவனுக்கு அப்போது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நோட்டு. எங்கள் வீட்டில் பின்னம் ஒரு முழு வஞ்சிரத்தைத் துண்டு போட்டபோதுதான் புரிந்தது. மூன்று மாதம் நான் கத்தியதெல்லாம் வீண்.

ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை. மொத்தம் 61 நாள். இதையும் அவனே மாதவாரியாகக் கூட்டிப் பார்க்கட்டும். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த இரண்டு மாதமும் வலை வேலைக்கும் படகு வேலைக்கும் உரியவை. தாத்தாவோடு அவனை அனுப்புங்கள். ஏன் தடை, எந்த மீன் அப்போது முட்டையிடும், கண்ணி சின்னதாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு வரட்டும். வந்து உங்களிடம் ஐந்து வரி எழுதிக் காட்டட்டும். மெதுவாக எழுதுகிறவனுக்கு ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். அவசரப்படுத்த அங்கே மணி அடிக்காது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாள் முழுக்கப் போராடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க எங்கள் வீட்டில் ஒன்றரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. வகுப்பில் நாற்பது பேருக்குச் சொல்ல ஆகும் நேரத்தை நீங்கள் ஒருவனுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. காலையில் கணக்கு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் தமிழும் இங்கிலீஷும். மற்றது வாழ்க்கையோடு நடக்கட்டும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் எல்லா வகுப்புப் புத்தகமும் இலவசமாகக் கிடைக்கிறது. நான்காம் வகுப்புப் புத்தகத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முடிவதற்குள் எதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று பார்ப்பதற்கு மட்டும் அது போதும்.

உங்கள் இங்கிலீஷைப் பற்றி. தெரியாததைத் தெரிந்த மாதிரி நடத்தாதீர்கள், அவ்வளவுதான். ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது என்று இருவருமாகப் போனில் தேடிக் கேளுங்கள். அம்மாவும் கற்றுக்கொள்கிறாள் என்று பார்க்கிற பிள்ளைக்குத் தப்பு செய்வதில் இருக்கும் பயம் குறையும், அவனுக்கு இப்போது வேண்டியது அதுதான். புதுவண்ணாரப்பேட்டை காசிமாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற பெண். அவருக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் ஆட்டோ ஓட்டும் அவருடைய அப்பா. பள்ளிப்படிப்பும் கேரமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் பொறுமையாக உட்காருகிற ஒரு ஆள் ஒரு பிள்ளைக்கு என்ன செய்ய முடியும் என்பதை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்.

மாமியார் கேட்பது பயத்தினால். பேரன் பின்னால் கஷ்டப்படுவானோ என்கிற பயம். பதில் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது, வேலை கொடுங்கள். தினமும் சாயங்காலம் தினத்தந்தியை அவன் பாட்டிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். திக்கினால் பாட்டி காத்திருப்பார், உங்களைவிட அதிகம் காத்திருப்பார். மூன்று மாதத்தில் அவரே பக்கத்து வீட்டில் பேரனைப் பற்றிப் பெருமை பேசுவார் என்று நினைக்கிறேன்.

இனி சட்டம். 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதில் இருக்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. வீட்டுக் கல்விக்குத் தனி அங்கீகாரமும் இல்லை. இதை மறைக்காமல் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு யாராவது உங்கள் வீட்டுக்கு வரலாம். கதவை மூடாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். அவர்கள் தேடுவது வேலைக்கு அனுப்பப்பட்ட, கைவிடப்பட்ட பிள்ளைகளை, அது நல்ல வேலை. உட்கார வைத்து நோட்டுகளைக் காட்டுங்கள். இதற்காகவே தினமும் ராத்திரி தேதி போட்டு இரண்டு வரி எழுதி வையுங்கள்: இன்று என்ன படித்தான், எங்கே போனான். "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று நீங்கள் உடைந்துபோகிற நாளில் உங்களுக்கும் அந்த நோட்டு உதவும்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பள்ளியில் இல்லாத பிள்ளை எப்போது வந்து கேட்டாலும் அவன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். டி.சி. இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. ஆகவே நீங்கள் எந்தக் கதவையும் நிரந்தரமாகச் சாத்திவிடவில்லை.

பத்தாவதுக்கு வழி உண்டு. மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். 14 வயது நிறைந்தால் நேரடியாகப் பத்தாவது எழுதலாம். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு உண்டு, ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். மெதுவாக எழுதுகிற பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். என் மகள் அப்படித்தான் எழுதினாள். நம் மாநிலத்திலேயே பன்னிரண்டரை வயதான பிறகு எட்டாவது தனித்தேர்வராக எழுதி, அங்கிருந்து பத்தாவதுக்குப் போகிற வழியும் இருக்கிறது. எதை எடுத்தாலும், பின்னால் அவன் எங்கே சேர நினைக்கிறானோ அங்கே அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்றை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி போனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. ஆறாவதில் பள்ளியில் இல்லையென்றால் இவை அவனுக்குக் கிடைக்காது. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. உங்கள் மகன் ஆறாவதுக்குப் போக இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை மனம் ஆறி, படிப்பு பிடித்துப்போனால், பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் ஆறாவது சேர்ப்பதைப் பற்றி உண்மையாகவே யோசியுங்கள். முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள், தலைமை ஆசிரியரிடம் அவன் மெதுவாக எழுதுவதைச் சொல்லி அவர் முகத்தைப் பாருங்கள். வீட்டுக் கல்வியில் இருக்கிற சிலர் பள்ளிக்குத் திரும்புவதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஒப்புதல் இல்லை. என் மகள் பதினாறு வயதில் "எனக்கு கிளாஸ் ஃப்ரெண்ட்ஸ் வேணும்" என்றாள், அரசுப் பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்த்தோம். உங்கள் மகன் நாளைக்கே கேட்டாலும் நாளைக்கே சேருங்கள்.

கேட்கிற வரை அவனுக்குச் சிநேகிதர்கள் வேண்டும். நாலரை மணிக்கு மேல் தெருவில் பிள்ளைகள் இருக்கும்போது அவன் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. ஃபுட்பாலோ கேரமோ, நம் பகுதியில் அதற்குக் குறைவே இல்லை. அப்பாவின் ஆஃப் நாள் ஊர் சுற்றுவதற்கு. 1856-ல் ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரம் ஸ்டேஷன், எழும்பூர் மியூசியம் (வெள்ளிக்கிழமை விடுமுறை), தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சைதாப்பேட்டையில் இறங்கி பஸ் பிடித்தால் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தின் குழந்தைகள் பிரிவு. டிக்கெட் கணக்கை அவனே பார்க்கட்டும்.

அப்பாவும் பிள்ளையும் வெளியே போகிற அந்த நாளில் நீங்கள் வீட்டு வேலையை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். படுத்துத் தூங்குங்கள், அல்லது உங்கள் அம்மா வீட்டுக்குப் போய் வாருங்கள். நான் கத்திய நாட்களை எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி நான் தூங்காத நாட்கள்.

புளியங்கொட்டைக் கணக்கை இந்த வாரமே தாத்தாவை வைத்து ஆரம்பித்துவிடுங்கள். அந்த ஐந்து ரூபாயை யாருக்குக் கொடுக்கலாம் என்று அவன் சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா