நகராட்சியில் கொடுத்த மனு மாதக்கணக்கில் நகரவில்லை. கவுன்சிலரைப் பிடித்தால்தான் வேலை நடக்குமா?

கவுன்சிலரைப் பிடிக்காமலும் நடக்கும். ஆனால் மனு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதை எழுதுகிறவரே முடிவு செய்து எழுதியிருக்க வேண்டும். தமிழ்நாட்டு நகராட்சி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து தபால், வருவாய், மன்றப் பிரிவு என்று சுற்றிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நகராத மனுக்களில் பாதிக்கு மேல் யாரும் வேண்டுமென்று நிறுத்தி வைத்தவை அல்ல. யாருடைய வேலை என்று தெரியாமல் நின்றவை.

உங்கள் கேள்வியில், தெருவில் சாக்கடை அடைப்பு, விளக்கு எரியவில்லை, ரோடு பெயர்ந்துவிட்டது, மூன்றையும் எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை என்கிறீர்கள். மூன்றையும் ஒரே தாளில் எழுதினீர்களா? அப்படியென்றால் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது.

மனு போகும் வழியைச் சொல்கிறேன். தபால் பிரிவில் முத்திரை விழும். ஆணையாளர் பார்வைக்குப் போகும் (பேரூராட்சி என்றால் செயல் அலுவலர்). அவர் ஓரத்தில் ஒரு கையெழுத்தும் எந்தப் பிரிவு என்பதற்கு ஓர் எழுத்தும் போடுவார். பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, அந்தப் பிரிவு உதவியாளரின் தன்பதிவேட்டுக்கு (அவர் பெயரில் வரும் தாள்களைக் குறித்து வைக்கும் பதிவேடு) வரும். அவர் களத்தில் இருப்பவரிடம் அறிக்கை கேட்பார். அறிக்கை வந்ததும் குறிப்பு எழுதிக் கோப்பை முடிப்பார். சாக்கடை அள்ளுவதும் கொசு மருந்தும் சுகாதாரப் பிரிவு. ரோடும் புது வடிகாலும் தெருவிளக்கும் பொறியியல் பிரிவு. ஆக்கிரமிப்பு, கட்டட அனுமதி எல்லாம் நகரமைப்புப் பிரிவு. வரி வருவாய்ப் பிரிவு. ஒரு பிரிவின் ஆள் இன்னொரு பிரிவின் வேலையைத் தொட மாட்டார், தொடவும் முடியாது.

என் மேசைக்கு வந்த ஒரு மனு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. முப்பது பேர் கையெழுத்துப் போட்ட, இரண்டு பக்கம் அழகாக எழுதிய மனு. கொசுத் தொல்லையில் ஆரம்பித்து, குடிநீர் கலங்கலாக வருவது, தெருநாய், எரியாத விளக்கு, காலிமனையில் குப்பை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் உடைந்து கிடக்கும் வடிகால் மூடி வரை போனது. முதல் வரியில் கொசு என்று இருந்ததால் சுகாதாரப் பிரிவுக்குப் போனது. துப்புரவு ஆய்வாளர் ஆள் அனுப்பிப் புகை மருந்து அடித்துவிட்டு, ‘மனுதாரர் தெருவில் கொசு ஒழிப்புப் பணி மேற்கொள்ளப்பட்டது’ என்று அறிக்கை வைத்தார். கோப்பு முடிந்தது. அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த உடைந்த மூடி அப்படியே கிடந்தது. முப்பது பேர் வீட்டுக்கும் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்ற பதில் மட்டும் போனது. பள்ளிப் பிள்ளைகள் தாண்டிப் போகிற ஒரு குழி, ஒரு தாளின் இரண்டாம் பக்கத்தில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. இதை இன்று நினைத்தாலும் எனக்கு ஆறாது.

அதனால் ஒரு குறைக்கு ஒரு மனு. மூன்று குறை என்றால் மூன்று தாள், மூன்று ஒப்புகை. ‘எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை’ என்று எழுதினால் வயர்மேன் வந்து எதிர்முனை விளக்கைப் பார்த்துவிட்டு எரிகிறது என்று போய்விடலாம். கம்பத்தில் பெயின்டில் ஓர் எண் எழுதியிருக்கும், அதை எழுதுங்கள். எண் அழிந்திருந்தால் எந்த வீட்டு வாசலுக்கு நேரே, தெருவின் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். வடிகால் என்றால் எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை என்று. வார்டு எண் கட்டாயம். தேதி தெரிகிற போட்டோ ஒன்று இணையுங்கள். ‘பலமுறை முறையிட்டும் செவிசாய்க்காத நகராட்சி நிர்வாகமே’ என்று தொடங்குகிற மனுவைப் படிக்கிற உதவியாளருக்கு வருத்தம் வரும், தகவல் வராது.

ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். பிறகு ந.க. எண் (நடப்புக் கணக்கு எண், அதாவது உங்கள் மனுவின் கோப்புக்கு அலுவலகம் போடும் எண்) கேட்டு வாங்குங்கள். அந்த எண் கையில் இருந்தால் ஆணையாளர் அறை வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. நேராக அந்தப் பிரிவு உதவியாளரிடம் போய், அறிக்கை வந்துவிட்டதா, யாரிடம் நிற்கிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் களத்து அறிக்கைக்காகத்தான் நிற்கும். அங்கே போய் அந்தப் பணி ஆய்வாளரையோ துப்புரவு மேற்பார்வையாளரையோ ஒருமுறை இடத்தைக் காட்டி அழைத்து வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அது நகராட்சியின் சொத்துதானா? ஊருக்குள் ஓடுகிற பெரிய சாலை பல ஊர்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. மின்கம்பம் சாய்ந்திருந்தால் அது மின்வாரியம், அதில் தொங்குகிற விளக்கு மட்டும் நகராட்சி. ஏரி, பெரிய வாய்க்கால் நீர்வளத் துறை. சில ஊர்களுக்குக் குடிநீரைக் கொண்டுவந்து சேர்ப்பது குடிநீர் வடிகால் வாரியம், ஊருக்குள் பங்கிடுவது நகராட்சி. சிக்கல் எல்லாம் இரண்டு துறை சந்திக்கிற இடத்தில்தான். தெரு வடிகால் போய் நெடுஞ்சாலை வடிகாலில் சேருகிற வாயில் மண் அடைத்திருக்கும். நகராட்சி ஆட்கள் தங்கள் பக்கம் அள்ளிவிட்டுப் போவார்கள், அடுத்த மழையில் தண்ணீர் திரும்ப வீட்டுக்குள் வரும். இந்த மாதிரி இடத்துக்கு இரண்டு துறைக்கும் ஒரே நாளில் மனு கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றதன் நகலை இணைத்துவிடுங்கள். ‘எங்களுடையது இல்லை’ என்று எழுதுவது அதற்கப்புறம் இருவருக்குமே கஷ்டம்.

இப்போது கவுன்சிலர் விஷயத்துக்கு வருகிறேன். பல்பு மாற்றுவது, அடைப்பு எடுப்பது, குழாய்க் கசிவு சரி செய்வது, குப்பை அள்ளுவது எல்லாம் அன்றாடப் பணி. இதற்கு மன்றத் தீர்மானம் தேவையில்லை, கவுன்சிலரும் தேவையில்லை. புது ரோடு, புது வடிகால், சிறுபாலம் வேறு கதை. பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும். எந்த நிதி என்று தலைப்புக் கண்டுபிடிக்க வேண்டும்: பொது நிதியா, குடிநீர் நிதியா, நிதிக்குழு மானியமா, அரசுத் திட்டமா. பிறகு நகர்மன்றக் கூட்டத்துக்கு அது ஒரு பொருளாக வர வேண்டும். தீர்மானமான பிறகு ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. உங்கள் தெரு ரோடு எத்தனை மோசமாக இருந்தாலும் உதவியாளரோ பொறியாளரோ தானாகப் போட்டுவிட முடியாது.

நகர்மன்றக் கூட்டம் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். அஜெண்டா உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே போய்விடும். ஒவ்வொரு பொருளின் கீழும் ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்’ என்று முடிந்து, அதற்கடியில் ‘அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்’ என்று இருக்கும். மோட்டார் பழுது பார்த்த செலவு, பிளீச்சிங் பவுடர் வாங்கியது, குத்தகை ஏலம், பணி நீட்டிப்பு என்று வரிசையாக வரும். மோட்டார் எரிந்து ஊருக்குத் தண்ணீர் நின்றுவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க முடியாதே, அதனால் தலைவரிடம் முன் அனுமதி வாங்கி வேலையை முடித்துவிட்டுப் பிறகு மன்றத்தின் பின்னேற்புக்கு வைப்பார்கள். எழுத்தர் எண்ணைப் படிக்கப் படிக்கப் பொருள்கள் நிறைவேறிக்கொண்டே போகும். ஓர் உறுப்பினர் எழுந்து, ‘என் வார்டில் இந்தத் தெருவுக்கு மதிப்பீடு போட்டு வருஷமாகிறது, ஏன் பொருளாக வைக்கவில்லை’ என்று கேட்கிற இடம் அதுதான். அந்தக் கேள்வி கூட்ட நடவடிக்கையில் பதிவானால் பொறியாளர் அடுத்த கூட்டத்துக்கு விடையோடு வர வேண்டும். கவுன்சிலரின் உண்மையான பலம் அங்கே இருக்கிறது. ஆகவே அவரிடம் போகும்போது ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்பதற்குப் பதில் மனு நகலையும் ந.க. எண்ணையும் கொடுத்து, ‘அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்’ என்று சொல்லுங்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கேட்பார். அவருக்கும் பேச ஒரு தாள் வேண்டும்.

காலம் பார்த்துக் கொடுப்பதும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, வரவு செலவுத் திட்டம் அதற்கு முன்பே மன்றத்துக்கு வந்துவிடும். புது வடிகால் கேட்கிறவர்கள் மழைக்காலம் முடிந்த கையோடு, தண்ணீர் நின்ற போட்டோ சூட்டோடு, டிசம்பரிலேயே கொடுத்துவிடுவது நல்லது. மே மாதத்தில் கொடுத்தால் அந்த வருஷக் கணக்கு ஏற்கெனவே முடிந்திருக்கும்.

கவுன்சிலர்களைத் திட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. 2011 அக்டோபரில் தேர்தல் நடந்து வந்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல்தான். இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கும் மேல், மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நிர்வாகம். தீர்மானமும் அவரே, நிறைவேற்றுவதும் அவரே. அந்தக் காலத்தில் அலுவலகத்தில் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: கோப்புகள் சத்தமில்லாமல் நகர்ந்தன, ஆனால் இந்தத் தெருவுக்கு ஏன் இல்லை என்று எழுந்து கேட்க அறையில் ஒருவரும் இல்லை. சண்டை போடுகிற மன்றம் இருப்பது எவ்வளவோ மேல். இன்று அந்த இடங்களில் பாதி பெண்களுக்கு. தெருக்குழாயில் தண்ணீர் வராத வலியை நேரடியாக அறிந்தவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிராமத்துக்குக் கிராமசபை போல நகரத்துக்குப் பகுதி சபை வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டில் முதலில் நடத்தினார்கள். உங்கள் வார்டில் நடக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால் அவசியம் போங்கள். அங்கே எழுதித் தந்ததைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆள் வராத கூட்டம் பேப்பரில் மட்டும் நடக்கும்.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு, ‘முதல்வரின் முகவரி’ என்ற அரசின் மனுப் பிரிவு, 1100 என்ற உதவித் தொலைபேசி எண், இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே கொடுத்த மனு சுற்றிவந்து அதே நகராட்சியில் அதே உதவியாளர் மேசைக்குத்தான் வரும். கூடவே ஒரு கெடு தேதி வரும், அதுதான் லாபம். அந்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்பதற்காக அவசர அறிக்கை எழுதப்படும் ஆபத்தும் உண்டு. அதனால் முதலில் நகராட்சியில் கொடுத்து, எண் வாங்கி, நியாயமான நாள் பொறுத்து, அந்த எண்ணைக் குறிப்பிட்டு மேலே போங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்குக் கோப்பில் பதில் இருக்காது. இன்ன ந.க. எண் கோப்பின் குறிப்புப் பக்க நகல், களத்து அறிக்கை நகல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்த அலுவலரிடம் இருந்தது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. விண்ணப்பம் வந்த அன்றைக்கே தூங்கிய கோப்பு எடுத்துத் துடைக்கப்படுவதை நானே பார்த்திருக்கிறேன்.

போட்ட வடிகால் அடுத்த மழைக்கே உடைந்தால், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கேளுங்கள். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று அளந்ததாக எழுதி, அதன்படிதான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போயிருக்கும். டேப் எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்து பார்க்கலாம். வேலையை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் மாதிரி எடுக்கவும் அதே சட்டம் உரிமை தந்திருக்கிறது. இதைச் செய்கிறவர்கள் வெகு குறைவு, செய்த தெருக்களில் அடுத்த வேலை தரமாக நடந்தது.

மற்ற வேலைகள் இவ்வளவு சுற்று இல்லை. பிறப்பு, இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணமே இல்லை. ஒரு வருஷம் தாண்டவிட்டால் உத்தரவு வாங்க அலைய வேண்டும். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். மனு கொடுக்கப் போகும்போது வரி ரசீது கையில் இருப்பது நல்லது, வரி எண்ணை வைத்து உங்கள் வீட்டையும் வார்டையும் சட்டென்று கண்டுபிடிப்பார்கள்.

கடைசியாக, சாக்கடை அடைப்புக்கு அவசரப்பட்டுத் தூய்மைப் பணியாளரை நேரடியாகப் பிடித்து உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள், காசு கொடுத்தும் வேண்டாம். பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடைப்பு நீக்கும் இயந்திரம் அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள். மூன்று மனுவில் முதலில் இதை எழுதுங்கள், விளக்கும் ரோடும் அடுத்த இரண்டு தாளில்.