மத்திய அரசு பணம் தராவிட்டால் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகள் நின்றுவிடுமா?

கேள்வி: பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாததால் தமிழ்நாட்டுக்குக் கல்வி நிதி வரவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் அரசுப் பள்ளிகள் நடப்பதே மத்திய அரசின் பணத்தில்தானா? அது வராவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?

பதில்:

நின்றுவிடாது. அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் மாநில அரசின் பணத்தில்தான் நடக்கின்றன. 2024-25 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்குத் தமிழ்நாடு ஒதுக்கியது 44,042 கோடி ரூபாய். அதே ஆண்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்காக, அதாவது சமக்ர சிக்ஷாவுக்காக, மத்திய அரசிடமிருந்து வரவேண்டியிருந்தது 2,152 கோடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கும் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள், "ஐந்து சதவீதம்தானே, மாநிலமே சமாளித்துக்கொள்ளட்டும்" என்கிறார்கள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த ஐந்து ரூபாய் எந்தப் பிள்ளைக்குப் போகிறது என்று பார்த்தால் விஷயம் வேறு.

நிரந்தர ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. பாடநூல், சீருடை, பேருந்து அட்டை, மிதிவண்டி எல்லாம் மாநிலச் செலவு. மதிய உணவில் மத்திய அரசின் பங்கு உண்டு. 2022-இல் தொடங்கிய காலை உணவு முழுக்க மாநிலத்தின் பணம். ஆகவே நன்றாக நடக்கிற பிள்ளை, பக்கத்திலேயே பள்ளி இருக்கிற பிள்ளை, தினமும் வந்து உட்கார்ந்து படிக்கிற பிள்ளை, இவர்களுக்கு நிதி நின்றது அவ்வளவாகத் தெரியாது. வழக்கம்போல மணி அடிக்கும், வகுப்பு நடக்கும்.

தெரிகிறவர்கள் வேறு. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள், வட்டார வள மையத்துக்கு வரும் இயன்முறை மருத்துவர்கள், பள்ளிக்கே வர முடியாத குழந்தைக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுப்பவர்கள் என எல்லாரும் இந்தத் திட்டத்தின் கணக்கில் இருப்பவர்கள். 2012-இல் பணியமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களும் அப்படித்தான். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று அவர்கள் எடுக்கும் வகுப்புகளை மற்ற ஆசிரியர்கள் எடுக்க முடியாது. படிப்பை விட்டு நின்ற பெண் பிள்ளைகளுக்கான கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள், மலைக்கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கான வாகனச் செலவு, செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் பெற்றோரோடு அலையும் பிள்ளைகளை மறுபடி வகுப்புக்குக் கொண்டுவரும் சிறப்புப் பயிற்சி மையங்கள், இவையெல்லாமும் அதே கணக்குதான்.

இயன்முறைப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குக் கை கால் தசைகளை விடாமல் நீட்டி மடக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சில மாதம் நின்றாலே தசை இறுகிப்போகும். பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய குழந்தை மறுபடி உட்கார்ந்துவிடும். நிதி அடுத்த ஆண்டு வட்டியோடு வந்தாலும் அந்த மாதங்கள் திரும்பி வரப்போவதில்லை. ஒரு பள்ளிக் கட்டடத்தை ஆறு மாதம் தள்ளிக் கட்டலாம், இதைத் தள்ளிப்போட முடியாது. இப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்களோடு பல ஆண்டு பேசிப் பழகியவன் நான். கூலி வேலையை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வருவார்கள். யாரிடமும் குரல் உயர்த்திக் கேட்கத் தெரியாதவர்கள் அவர்கள். நிதி நிற்கும்போது முதல் அடி அவர்கள் மேல்தான் விழுகிறது.

சரி, பணம் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் மாநிலம் தன் தேவைகளைப் பட்டியலிட்டு தில்லிக்கு அனுப்பும். யுடைஸ் என்ற பள்ளி விவரத் தொகுப்பில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து மத்திய அரசின் திட்ட ஒப்புதல் வாரியம் அதைப் பரிசீலித்து ஒரு தொகையை ஏற்கும். ஏற்ற தொகையில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90:10. மத்திய அரசின் பங்கு தவணை தவணையாக வரும்.

இந்த 60:40 தொடக்கத்திலேயே இருந்ததல்ல. 2001-இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தபோது மத்திய அரசின் பங்கு 85, மாநிலத்தின் பங்கு 15. அப்புறம் அது 75:25 ஆனது, இடையில் 65:35 ஆனது, 2015-16-லிருந்து 60:40. அதாவது திட்டத்தின் சட்டதிட்டங்களை எழுதுவது தில்லி என்பது மாறவில்லை, அதற்கான செலவில் மாநிலத்தின் சுமை மட்டும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

இன்னொன்று. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? 2004-இல் வருமான வரி உள்ளிட்ட மத்திய வரிகளின் மேல் 2 சதவீதம் கல்வி செஸ், அதாவது கல்விக்கென்று ஒரு கூடுதல் வரி, போட்டார்கள். 2007-இல் உயர்நிலை, உயர்கல்விக்கென்று இன்னொரு 1 சதவீதம். 2018-லிருந்து சுகாதாரமும் கல்வியும் சேர்த்து 4 சதவீதம். செஸ் என்று வசூலிக்கிற பணத்தை மாநிலங்களோடு பங்கிட வேண்டிய கட்டாயம் அரசியல் சட்டப்படி இல்லை. மத்திய வரியில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக்குழு 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று சொன்னது மற்ற வரிகளுக்குத்தான். ஆக, கல்வியின் பெயரால் தமிழ்நாட்டில் வரி கட்டியவரின் பணமும் தில்லிக்குப் போய், திட்டமாக மாறி, நிபந்தனையோடுதான் திரும்பி வருகிறது. "மத்திய அரசு தரும் பணம்" என்று நாம் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

இப்போது சண்டைக்கு வருவோம். பி.எம். ஸ்ரீ என்பது 2022 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற தனித் திட்டம். நாடு முழுக்க 14,500 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்துவது நோக்கம். அதில் சேர மாநிலம் போட வேண்டிய ஒப்பந்தத்தில், 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை மாநிலம் முழுவதும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. 1968-லிருந்து இருமொழிக் கொள்கையில் நிற்கும் தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. மத்திய அரசு தன் தரப்பில், "2024 மார்ச்சில் உங்கள் தலைமைச் செயலாளரே கையெழுத்துப் போடுவோம் என்று கடிதம் எழுதினாரே" என்று கேட்கிறது. அந்தக் கடிதம் உண்மைதான். ஆனால் ஒரு குழு அமைத்து, அதன் பரிந்துரையின் பேரில் முடிவெடுப்போம் என்றும் அதிலேயே இருக்கிறது.

மும்மொழி வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் இங்கே நான் போகவில்லை. அதில் எந்தப் பக்கம் இருப்பவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பி.எம். ஸ்ரீயில் சேரவில்லை என்றால் பி.எம். ஸ்ரீ பணத்தை நிறுத்துங்கள், நியாயம். 2018-லிருந்து தனியாக நடந்துகொண்டிருக்கிற இன்னொரு திட்டத்தின் பணத்தை, இயன்முறைப் பயிற்சிக்கும் உறைவிடப் பள்ளிக்கும் போகிற பணத்தை, எதற்காக நிறுத்த வேண்டும்? திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2025 மார்ச்சில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. கேரளமும் மேற்கு வங்கமும் இதே காரணத்தால் நிதி கிடைக்காமல் நின்றதையும் அது குறிப்பிட்டது.

மத்திய அரசு நிபந்தனையே போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் தருகிறவர் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். மாணவர் எண்ணிக்கை சரியா, பணம் வேறு தலைப்புக்குத் திருப்பப்பட்டதா, கழிப்பறை உண்மையிலேயே கட்டப்பட்டதா என்று கேட்பது நல்ல நிபந்தனை. நிதி கொடுத்த காரியம் நடந்ததா என்று பார்ப்பது அது. வேறொரு கொள்கையை ஒப்புக்கொண்டால்தான் இந்தக் காரியத்துக்குப் பணம் என்பது அப்படியல்ல. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. பொதுப் பட்டியல் என்றால் அதில் சட்டம் இயற்றும் அதிகாரம் இரண்டு அரசுக்கும் உண்டு, ஆகவே பொறுப்பும் இரண்டுக்கும் உண்டு என்பேன்.

அதைவிட அழுத்தமான காரணம் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 7-ஆவது பிரிவு, இந்தச் சட்டத்தை நடத்துவதற்கான பணத்துக்கு மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது. கல்விக் கொள்கை என்பது அரசு வெளியிடும் ஆவணம். கல்வி உரிமை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். ஆவணத்தை ஏற்கவில்லை என்று சட்டத்தின் கடமையை நிறுத்தி வைப்பது எனக்குப் புரியவே இல்லை.

அந்தச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் ஏழை, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். அந்தப் பணமும் இதே திட்டத்துக்குள்தான் இருக்கிறது. 2025-26-இல் வழக்கம்போல ஏப்ரல், மே மாதத்தில் தொடங்க வேண்டிய ஆர்.டி.இ. சேர்க்கை, அதாவது இந்தச் சட்டப்படியான சேர்க்கை, தொடங்கவில்லை. மத்திய அரசு ஒரு பகுதியை விடுவித்த பிறகு அக்டோபரில்தான் தொடங்கியது. ஜூனில் பள்ளி திறந்தாகிவிட்டது. கடன் வாங்கியாவது கட்டணம் கட்டிச் சேர்த்தவர்கள் சேர்த்தார்கள். அதற்கும் வழியில்லாத குடும்பங்களுக்கு அந்த ஆண்டு வாய்ப்பு நழுவியது.

இங்கே மாநில அரசின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டத்துக்கான தொகையைத் தனியாகப் பிரித்துத் தருவதைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. அதே தீர்ப்பில், மத்திய அரசு தரவில்லை என்பதைக் காரணம் காட்டி மாநிலம் தன் கடமையிலிருந்து விலக முடியாது என்றும் சொன்னது. இரண்டாவது பாதியை நம் ஊரில் யாரும் அதிகம் பேசவில்லை. 44,000 கோடி ஒதுக்கும் துறை அந்தச் சேர்க்கையைக் குறித்த காலத்தில் தன் பணத்தில் நடத்திவிட்டு, அப்புறம் வசூலுக்கு வழக்குப் போட்டிருக்கலாம். வழக்கைத்தான் எப்படியும் 2025 மே மாதமே உச்ச நீதிமன்றத்தில் போட்டாகிவிட்டதே. சம்பளம், ஓய்வூதியம் போன்ற தவிர்க்க முடியாத செலவுகளுக்குப் பிறகு துறையின் கையில் நெகிழ்வாக இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கொஞ்சத்தில் யாரை முதலில் காப்பாற்றுவது என்று முடிவெடுப்பதும் அரசின் வேலைதான்.

பள்ளி மானியத்தையும் சொல்ல வேண்டும். முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், நூறு வரை 25,000, ஆயிரத்துக்கு மேல் இருந்தால் ஒரு லட்சம். சாக்பீஸ், துடைப்பம், குழாய் பழுது, பதிவேடு எல்லாம் இதற்குள். இந்தச் சண்டைக்கு முன்பும் இது ஜூனில் வந்து நான் பார்த்ததில்லை. ஆண்டு முடியும் நேரத்தில் வரும், மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு கொடு என்பார்கள். அதுவரை தலைமையாசிரியரின் கைக்காசு. தாமதத்துக்கு எல்லாம் பி.எம். ஸ்ரீதான் காரணம் என்று சொன்னால் அது உண்மையாகாது.

"முன்னாள் மாணவர்கள், நிறுவனங்கள் கொடுக்கலாமே, 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று திட்டமே இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கிறார்கள், மனமாரப் பாராட்டுகிறேன். அப்படி வருவது வகுப்பறைக் கட்டடமாக, திறன் வகுப்புத் திரையாக, மேசை நாற்காலியாக வருகிறது. பெயர்ப் பலகை வைக்க இடமுள்ள இனங்கள் அவை. ஒரு சிறப்புப் பயிற்றுநரின் மாதச் சம்பளத்தை ஆண்டுக்கணக்கில் ஏற்றுக்கொள்ளும் நன்கொடையாளரை நான் இதுவரை சந்திக்கவில்லை. அது வரிப்பணத்தில்தான் நடக்க முடியும்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், கல்வி உரிமைச் சட்டம் கட்டாயமாக்கிய செலவுகளை, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான செலவுகளையும் சேர்த்து, எந்த ஒப்பந்தத்தோடும் கட்டாமல் மாணவர் எண்ணிக்கைப்படி ஜூனுக்கு முன்பே மாநிலங்களுக்கு அனுப்பிவிட வேண்டும். மாதிரிப் பள்ளி போன்ற விருப்பத் திட்டங்களுக்கு நிபந்தனை இருக்கட்டும், சேர விரும்பும் மாநிலம் சேரட்டும். கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் என்று கோத்தாரி குழு சொன்னது 1966-இல். 2020-ஆம் ஆண்டின் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத் திரும்பச் சொல்கிறது. 2017-18-இல் ஆன செலவு 4.43 சதவீதம்தான் என்று அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. அந்தக் கொள்கையில் மாநிலங்கள் மீது வற்புறுத்தப்படும் பக்கங்கள் பல இருக்கின்றன. இந்த 6 சதவீதம் மட்டும் மத்திய அரசு தன்மீது வற்புறுத்திக்கொள்ள வேண்டிய பக்கம், முதலில் அதை நடைமுறைப்படுத்தட்டும்.

நீங்கள் பெற்றோராக இருந்தால் இன்னொரு காரியம் செய்யலாம். உங்கள் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய், இந்த ஆண்டு மானியம் எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது, சிறப்புப் பயிற்றுநர் கடைசியாக எப்போது வந்தார் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்குப் போகிற பதிவேடு அது. நாளை நீதிமன்றத்திலோ சட்டமன்றத்திலோ யாராவது விவரம் கேட்டால் காட்டுவதற்கு எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.